நாலே முக்கால் சுற்று

பிப்ரவரி 3

சின்னவனுக்கு,

உன் போன் நாலு தரம் வந்தது. எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். போனில் நீ கத்துவாய், நான் அழுவேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். காகிதத்தில் உன்னால் கத்த முடியாது. நான் அழுதாலும் உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

உன் அண்ணனை எடுத்துக்கொண்டு போன அன்று, என் வாசலில் நின்று, அத்தனை பேர் காதுபட, "அவரு பிடிவாதம்தான் அவரைக் கொன்னுது" என்று சொன்னாய். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று நானும் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. பன்னிரண்டு வயசிலிருந்து நான் தைத்த சட்டையைப் போட்டு வளர்ந்தவன் நீ. அது வேறு கதை, இதில் கலக்காதே.

அன்று என்ன நடந்தது என்று நீ யாரிடமும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பள்ளிக்கூடச் சீருடைக்குத் துணி வாங்க உங்கள் அப்பாவின் பழைய காரில் போயிருந்தோம். பின் சீட்டில் ஐந்து கட்டு. நம் வீட்டு மேட்டில் பாதி ஏறும்போது குப்பை லாரி ஒன்று குறுக்கே நின்றது. உன் அண்ணன் வண்டியை நிறுத்தினார். லாரி போன பிறகு முதல் கியரைப் போட்டுக் கிளப்பினார். வண்டி நடுங்கியது, நின்றது. மறுபடியும் கிளப்பினார். மறுபடியும் நின்றது. ஆறு தரம். கருகல் நாற்றம் வந்தது. பிறகு பேட்டரியும் செத்துவிட்டது. சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்துவிட்டு, கைப்பிடியை எடுத்துக்கொண்டு முன்னால் போய், எஞ்சினைக் கையால் சுற்றினார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். பானட்டுக்கு மேலே அவர் தலை ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. அப்புறம் ஏறவில்லை.

வண்டியை அன்றைக்கே நாலு பேர் கீழே உருட்டிக்கொண்டுபோய் பஞ்சர் கடை முற்றத்தில் விட்டார்கள். இன்னும் அங்கேதான் நிற்கிறது. கருகிப்போன கிளட்சை அப்புறம் மாற்றிக் கொடுத்த மெக்கானிக் சொல்கிறார்: "முன்னாடி கியர் பாக்ஸை வேகத்துக்குன்னு மாத்தியாச்சு. பின்னாடி அச்சுலயும் யாரோ கை வெச்சிருப்பாங்க போல. ரெண்டு பக்கமும் வேகம்னா இழுவை எங்கருந்தும்மா வரும்?"

முன்னால் மாற்றியது அந்த மெக்கானிக்தான், உன் அண்ணன் சொல்லித்தான். பின்னால் கை வைத்தது யார்? நவம்பரில் இருபது நாள் வண்டி உன் கியர் பட்டறையில்தான் இருந்தது.

அந்த வண்டி இந்த மேட்டைத் தானாக ஏறி என் ஷெட்டுக்கு வர வேண்டும். கயிறு கட்டி இழுத்து வரச் சொல்லி ஆயிரம் பேர் யோசனை சொல்லிவிட்டார்கள். மாட்டேன். ஏறாத வண்டி ஆளைத் தின்றுவிட்டது என்று தெருவில் பேச்சு. அந்தத் தெரு பார்க்க அது ஏற வேண்டும். பஞ்சர் கடைக்காரர் மார்ச் கடைசிவரைதான் இடம் கொடுப்பார். பின்னால் இருந்த பழைய பல் சக்கரம் உன்னிடம் இருந்தால் அனுப்பி வை.

உன் அண்ணன் மனைவி


பிப்ரவரி 10

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. பிழை ஒன்றும் இல்லை. பழிதான் வரிக்கு வரி இருக்கிறது.

பின் அச்சில் நான் கை வைக்கவில்லை. பேரிங், ஆயில் சீல், பிரேக், அவ்வளவுதான் செய்தேன். உள்ளே இருப்பது அப்பா காலத்துக் கிரவுனும் பினியனும்தான். கிரவுன் என்கிற பெரிய பல் சக்கரத்தில் நாற்பத்து மூன்று பல், அதைச் சுற்றும் சின்னப் பினியனில் ஒன்பது. வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும் தண்டு நாலே முக்கால் சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதனால்தான் அந்த வண்டி எருமை மாதிரி இழுக்கும். ஓடச் சொன்னால் அலறும். அறுபதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. உங்களுக்கே தெரியும், எத்தனை தரம் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு அதில் வந்திருக்கிறீர்கள்.

அந்த அலறலை நிறுத்த வேண்டும் என்றுதான் அண்ணன் வண்டியைக் கொண்டுவந்தார். அவர் கேட்டது ஓவர்டிரைவ் வைத்த ஐந்து கியர் பாக்ஸ். அதில் கடைசிக் கியரில் எஞ்சின் நாலு சுற்று சுற்றினாலே தண்டு ஐந்து சுற்றிவிடும். எஞ்சினுக்கு ஓய்வு. நல்ல சாமான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது நம் வண்டிக்கு நீளம். பொருத்த வேண்டுமானால் அடித்தளத்தை வெட்ட வேண்டும், குறுக்குச் சட்டத்தை அறுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். அப்பா கையால் துடைத்த வண்டியை நான் வெட்ட மாட்டேன் என்றேன். வேகம் வேண்டுமானால் பின்னால் வேறு பல் போட்டால் போதும், ஒரு இடத்தில்கூட வெட்ட வேண்டாம் என்றேன். "பின்னால மாத்தினா என் வீட்டு மேடு ஏறாதுடா மடையா" என்றார். நானும் பதிலுக்குச் சொன்னேன். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போய், உங்கள் ஊர் மெக்கானிக் சோடாபுட்டியிடம் கொடுத்து வெட்டிப் பொருத்திக்கொண்டார். லாரிக்கு டயர் கழற்றுகிற ஆள், கியர் பாக்ஸ் போட்டால் இப்படித்தான் ஆகும். போய் அவரைக் கேளுங்கள்.

வண்டியை இங்கே அனுப்பிவிடுங்கள். அது என் அப்பாவின் வண்டியும்தான்.

தம்பி


பிப்ரவரி 19

சின்னவனுக்கு,

உன் பாடத்தை இரண்டு தரம் படித்தேன். நான் புரிந்துகொள்ள மாட்டேன் என்று நினைத்துத்தான் அத்தனை பல் கணக்கு எழுதினாய். என் தையல் மெஷினில் கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம். கீழே ஒரு சுற்று மிதித்தால் மேலே ஊசி நாலு தரம் இறங்கும். முப்பது வருஷத்துக்கு மேலாக அதை மிதிக்கிறேன். பெரிய சக்கரம், சின்னச் சக்கரம், இதற்கு மேல் உன் பட்டறையில் என்ன இருக்கிறது?

பஞ்சர் கடைக்காரரை வைத்து ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். கியரை நடுவில் வைக்கச் சொன்னேன். சாக்பீஸை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பழைய சாக்கை விரித்துப் படுத்தேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார்.

"கணக்குப் பாக்கறேன்."

"அதுக்கு வண்டிக்கு அடியிலயா போகணும்? எனக்குப் பயமா இருக்கு. எனக்கு இருக்கறதே ஒரே ஜாக்கி."

தண்டில் ஒரு கோடு, சக்கரத்தில் ஒரு கோடு போட்டேன். அவர் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினார். தண்டு நாலே முக்கால் சுற்றவில்லை. இரண்டுகூட முழுசாகச் சுற்றவில்லை. இரண்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே என் கோடு நின்றுவிட்டது. நாலு தரம் பார்த்தேன். நாலு தரமும் அப்படியே.

நாலே முக்கால் எங்கே, இரண்டு எங்கே? பாதிக்கு மேல் காணோம். "கை வைக்கவில்லை" என்று எந்தக் கையால் எழுதினாய்?

வண்டியை அனுப்பச் சொல்கிறாயே, பெரியவர் கண் மூடி இரண்டு மாசம்கூட ஆகவில்லை. அவர் சட்டை இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. காய்ந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது, எடுக்கவில்லை. அதற்குள் உனக்கு வண்டி.


பிப்ரவரி 25

அண்ணிக்கு,

எனக்கு இந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு சுற்று என்றால் அது கார் இல்லை அண்ணி, ரயில் எஞ்சின். உங்கள் தையல் மெஷினில் இருப்பது ஒரே சக்கரம். வண்டியில் பின்னால் இரண்டு. வளைவில் திரும்பும்போது ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் சுற்ற வேண்டும் என்பதற்காக இரண்டையும் தனித்தனியாகச் சுற்ற விட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒன்றை மட்டும் தூக்கினீர்கள், மற்றது தரையில் அசையாமல் நின்றது. அப்படி நின்றால் தூக்கிய சக்கரம் அதன் பங்கையும் சேர்த்து இரண்டு மடங்கு சுற்றும். ஒரு சக்கரத்தைத் தூக்கிக் கணக்குப் பார்க்கிறவர்கள் அதை இரண்டு சுற்று சுற்றித்தான் பார்ப்பார்கள். இன்னும் சரியாக வேண்டுமானால் இருபது சுற்று சுற்றித் தண்டை எண்ணிப் பத்தால் வகுக்க வேண்டும். என் பட்டறையில் முதல் வாரம் வருகிறவனுக்குக்கூட இது தெரியும்.

அரைகுறையாக ஒன்றைப் பார்த்துவிட்டு என்னைத் திருடன் என்று எழுதுகிறீர்கள். துணி அளக்கிற டேப்பால் கியரை அளக்காதீர்கள்.

சட்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் எனக்கும் அண்ணன்தான். அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள்.


மார்ச் 2

சின்னவனுக்கு,

இருபது சுற்று சுற்றினோம். பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றினார், நான் அடியில் படுத்துத் தண்டை எண்ணினேன். பக்கத்து இஸ்திரிக்கடைக்காரரை நிற்கவைத்து, சுற்றுக்கு ஒரு கோடு சுவரில் போடச் சொன்னேன். நீ சொல்கிற அப்பா காலத்துப் பல் என்றால் நாற்பத்தேழு தாண்டி நாற்பத்தெட்டு கிட்டத்தட்ட வந்திருக்க வேண்டும். வந்தது முப்பத்தொன்பது. அதற்கு மேல் ஒரு துளி. மூன்று தரம் எண்ணினேன். சுவரில் கோடு இன்னும் இருக்கிறது, வந்து பார்க்காதே.

பத்தால் வகுத்தால் நாலுகூட இல்லை. நீ பின்னால் மாற்றியிருக்கிறாய்.

என் முதல் கணக்கு தப்பு என்று நீ சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. மெக்கானிக்கிடம் கணக்கைச் சொல்லியும் அவர் வாய் திறக்கவில்லை. நானும் ஏதோ உளறினேன் என்று போயிருக்கும். ஆனால் உன்னால் விட முடியாது. தப்பான அளவு ஒன்றைப் பார்த்துவிட்டால் உனக்குக் கை அரிக்கும். உன் அண்ணனும் அப்படித்தான், நான் தைத்த சட்டைக் கைகளில் ஒன்று நூலளவு ஏறியிருந்தாலும் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லுவார். அம்மா வயிற்றிலேயே அந்த அரிப்போடு வந்தவர்கள்.

உன் வாயால் ஒரு வரி எழுது. மாற்றினாயா, இல்லையா?


மார்ச் 8

அண்ணிக்கு,

மாற்றினேன்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாளே மாற்றிவிட்டேன். சண்டைக்கு முன்பே. பாதை நெடுக அமைதியாக ஓடும், வீட்டுக்குப் போய் இறங்கியதும் போன் போட்டு "சின்னவனே, நீ சொன்னதுதான்டா சரி" என்பார் என்று நினைத்தேன். நாற்பத்தாறு வயசில் எனக்கு அந்த ஒரு வார்த்தை கேட்க ஆசையாக இருந்தது. என் வாழ்க்கையில் அவர் அதைச் சொன்னதே இல்லை. பழைய பல் போதும் என்று அவர் கேட்டால் திருப்பிப் போட்டுவிடலாம், ஒரு நாள் வேலை. அவர் வெட்டியதைத் திருப்ப முடியாது. நான் செய்ததைத் திருப்பலாம். அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஏன் இல்லை என்று எழுதினேன் என்று கேட்பீர்கள். ஆமாம் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வாசலை மிதிக்காதே என்பதற்கு மேல் ஒன்று சொல்லியிருப்பீர்கள். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் அதைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். நீங்கள் என்னை மூலையில் தள்ளிவிட்டீர்கள். அண்ணனுக்குத் தெரியும்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"மீட்டர் அறுபது காட்டுது. எழுபதுல போற பஸ்ஸைத் தாண்டிட்டேன். பின்னால கை வெச்சியாடா?"

"வெச்சேன்."

"கழுதை" என்றார். வைத்துவிட்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

தெரிந்தும் அதற்கு மேல் அந்த கியர் பாக்ஸையும் போட்டிருக்கிறார். அது எனக்கு அன்று உங்கள் வாசலில்தான் தெரிந்தது, சோடாபுட்டி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட சூட்டில்தான் பிடிவாதம் என்று சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.


மார்ச் 12

சின்னவனுக்கு,

உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கை கழுவிட்டு வாங்கண்ணே, கேக்கணும்" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் துடைத்தார்.

"அண்ணனுக்குத் தெரியும்மா. என்கிட்ட வரும்போதே சொன்னாரு, பின்னால தம்பி மாத்திட்டான், நீ முன்னால பாக்ஸைப் போடுன்னு. ரெண்டும் சேந்தா மேடு ஏறாதுண்ணேன்னு நான் சொன்னேன். பழசைத் தம்பிகிட்ட கேட்டு வாங்கிடுங்கன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'நான் எதுக்குக் கேக்கணும்? கை வெச்சவன் அவன். அவனே தூக்கிட்டு வந்து மாட்டட்டும்'ன்னாரு. அதுவரைக்கும் என்னண்ணே பண்ணுவீங்கன்னேன். கீழருந்தே ஓட்டம் எடுத்து ஏத்திக்கறேன்னாரு. அப்படித்தான் ஒரு மாசம் ஏத்தினாரு."

"இதை ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லலை?"

"போட்டது என் கைதானே. நீங்க என்னையும் திட்டுவீங்கன்னு பயம்."

எல்லாருக்கும் என் திட்டுதான் பயம். சாவுக்கு யாருக்கும் பயம் இல்லை.

அவர் நீ கொண்டுவருவாய் என்று ஐந்து வாரம் காத்திருந்தார். நீ எதற்காகக் காத்திருந்தாய்? பழைய பல் உன் பட்டறையில் இருக்கிறது, மேடு ஏறாது என்று அவர் உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார், பாதி வழியிலிருந்து போனும் போட்டுவிட்டார். ஒரு பஸ் ஏறி வர உனக்கு எத்தனை நேரம் ஆகும்? வரவில்லை. செத்த பிறகு வந்தாய், வெறுங்கையோடு.

நான் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அவரையும் விடவில்லை. அவர் போட்டோவைத் திருப்பி வைத்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் தூசி துடைக்க வேண்டியிருந்தது, திருப்பினேன்.

இப்போது கேட்கிறேன். மெக்கானிக் மூன்று வழி சொல்கிறார். உன் அண்ணன் போட்ட கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு நீ போட்டதை வைத்துக்கொள்ளலாம். நீ போட்டதைக் கழற்றிவிட்டு அவர் போட்டதை வைத்துக்கொள்ளலாம். இல்லை, இரண்டையும் கழற்றிவிட்டு உங்கள் அப்பா காலம் போலவே ஆக்கலாம். எந்த வழியில் போனாலும் யாரோ ஒருவர் கை வேலையை நான் தூக்கிப் போட வேண்டும். எதைக் கழற்றட்டும்?

கியர் பட்டறைக்காரனாகப் பதில் எழுது. தம்பியாக எழுதினால் படிக்காமல் கிழித்துப் போடுவேன்.


மார்ச் 20

அண்ணிக்கு,

பட்டறைக்காரனாகவே எழுதுகிறேன்.

முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அப்பா காலத்தில் எஞ்சின் பதினெட்டு சுற்று சுற்றும். சுற்று அதிகம் என்றால் இழுவை அதிகம், வேகம் குறைவு. நானும் அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கம் மாற்றிய பிறகு அது பதிமூன்றாகிவிட்டது. அந்த மேட்டுக்கு, ஐந்து கட்டுத் துணியோடு, நின்ற இடத்திலிருந்து கிளம்ப அது போதாது. எந்த ஓட்டுநராலும் முடியாது.

என் பல்லை மட்டும் வைத்துக்கொண்டால் பதினைந்து. அண்ணன் பாக்ஸை மட்டும் வைத்துக்கொண்டால் பதினாறு கிட்டத்தட்ட. மேட்டுக்கு அவருடையதுதான் மேல். நெடுஞ்சாலைக்கு வருவோம். என் பல்லில், கடைசிக் கியரில், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணன் பாக்ஸில் ஐந்தாவது கியரில், பழைய பல்லோடு, அதுவும் நாலுக்குக் கொஞ்சம் குறைவுதான். இன்னும் ஒரு நூல் குறைவு. அதாவது நான் கொடுத்த வேகம் முழுவதையும் அவர் பாக்ஸ் தானாகவே கொடுத்துவிடும், மேட்டையும் கைவிடாது.

என்னுடையதைக் கழற்றுங்கள்.

இந்தக் கணக்கை நவம்பரிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன். அவர் பட்டறையில் நின்று கத்திக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரியும், அவர் சொல்வதுதான் சரி. வண்டியை வெட்ட மனசில்லை என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. இந்த நாலு வரியை எழுத எனக்கு ஆறு நாள் ஆனது. மூன்று தாளைக் கிழித்தேன்.

எதற்காகக் காத்திருந்தேன் என்று கேட்டீர்கள். "கொண்டு வாடா" என்று ஒரு போன். அவ்வளவுதான். பழைய ஜோடியை எண்ணெய் துடைத்து, துணியில் சுற்றி, பட்டறை மேஜை மேல் போனுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவர் கூப்பிட்ட அன்றே பஸ் ஏறிவிடலாம் என்று. ஒரு நாள் போன் அடித்தது. எடுத்தால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார்.

மரப்பெட்டியில் ஆணி அடித்து லாரி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கிரவுனும் பினியனும் ஒன்றோடு ஒன்று தேய்ந்த ஜோடி, தனித்தனியாக எங்கேயும் வைக்க வேண்டாம் என்று உங்கள் ஆளிடம் சொல்லுங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளியைத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதில் ஒரு மயிரிழை தப்பினாலும் வண்டி ஊளையிடும்.

அவரால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். நான் வந்து மாட்டித் தருகிறேன். உங்கள் வாசலுக்கு வர மாட்டேன். பஞ்சர் கடையில் வேலையை முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவேன். வரலாமா?


மார்ச் 30

சின்னவனுக்கு,

பெட்டி வந்தது. நீ அடித்த ஆணியைப் பிடுங்க இரண்டு பேர் ஆனார்கள். மாட்டியது மெக்கானிக்தான். நீ எழுதி வைத்த தாளைக் கண்ணாடிக்கு அரை சாண் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் மாட்டினார், கழற்றினார், மாட்டினார். "உங்க கொழுந்தனுக்கு என் மேல என்ன கோவமோ தெரியல, ஆனா இந்த மாதிரி ஒரு தாளை யாரும் எனக்கு எழுதிக் குடுத்ததில்ல" என்றார். ஊளை இல்லை. இருபது சுற்று சுற்றி நானே எண்ணினேன். நாற்பத்தேழு முக்கால்.

நேற்று ஏற்றினோம். மெக்கானிக் வெறும் வண்டியை ஏற்றலாம் என்றார். முடியாது என்றேன். ஐந்து கட்டுத் துணியையும் வீட்டிலிருந்து இறக்கி வரச் செய்து, பின் சீட்டில் அதே மாதிரி அடுக்கினேன். அன்றைக்கு உட்கார்ந்த சீட்டிலேயே உட்கார்ந்தேன். மேட்டுக்குப் பாதியில், குப்பை லாரி நின்ற இடத்தில், நிறுத்துங்கள் என்றேன். "எதுக்கும்மா, ஏறிட்டிருக்குதே" என்றார். நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினார். தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதல் கியரைப் போட்டார். வண்டி ஒரு மூச்சு பின்னால் சாய்ந்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது. முக்காமல் முனகாமல் ஏறிப்போய் ஷெட்டில் நின்றது. மெக்கானிக் அழுதார். எனக்கு வரவில்லை.

அன்று நடந்ததை நானே சொல்கிறேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன் அல்லவா. முழுசாகச் சொல்லவில்லை. நீ பொய் எழுதினாய் என்று அத்தனை திட்டினேன். நானும் ஒன்றை எழுதாமல்தான் இருந்தேன்.

அன்று துணிக்கடையிலிருந்து மேடு வரை நான் அவரை நச்சரித்துக்கொண்டே வந்தேன். "ஒரு மாசமா அவன்கூடப் பேசாம இருக்கீங்களே, நீங்கதானே பெரியவர், ஒரு போன் போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று. எதற்காகச் சண்டை என்று என்னிடம் அவர் சொல்லவில்லை. நீ சின்னவன் என்பதால் உன் பக்கம் பேசினேன். நீ ஏங்கிப் போயிருப்பாய் என்றேன். மேட்டில் லாரி குறுக்கே வந்தது. வண்டி நின்றது. இரண்டு தரம் கிளப்பிப் பார்த்துவிட்டு, "நீ இறங்கி வீட்டுக்கு நடந்து போ, கனம் குறைஞ்சா ஏறிடும்" என்றார்.

"சின்னவனுக்குப் போன் போடறேன்னு சொல்லுங்க, இறங்கறேன்" என்றேன்.

அவர் சொல்லவில்லை. நான் இறங்கவில்லை. இன்னும் நாலு தரம் கிளப்பினார். அப்புறம் கைப்பிடியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

நான் இறங்கியிருந்தால் ஏறியிருக்குமா என்று மெக்கானிக்கிடம் வேறு யாரோ கேட்பது மாதிரிக் கேட்டுப் பார்த்தேன். "ஏறியிருக்கலாம், ஏறாமலும் போயிருக்கலாம்" என்றார். உன்னிடம் கேட்கவில்லை. நீ கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவாய். போடாதே.

வரலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். உன் மேல் இருக்கிற கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன், மெஷினை மிதிக்கிறேன், சாப்பிடுகிறேன். நீ வந்து என் எதிரில் நின்று அழுதால் அது போய்விடும். போனால் அடுத்தது என் மேல்தான் திரும்பும். அதைத் தாங்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

இன்னும் கொஞ்ச நாள் உன்னைத் திட்டிக்கொண்டு இருக்கிறேன். பொறுத்துக்கொள்.

அண்ணி